முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள்

ரயில் தடம்புரண்டது என்ற செய்தியோடு வரும் படத்தில் தவறாமல் ஒரு ராட்சதக் கிரேன் இருக்கும். அது பெரிய விபத்துகளுக்கு. சரக்கு யார்டில் மெதுவாக ஊர்ந்த வேகன் ஒன்றின் சக்கரங்கள் மட்டும் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டால், ரயில்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழி எளிமையானது. வார்ப்பு எஃகில் செய்த ஒரு ஜோடிச் சாய்கட்டைகள் போதும். ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இறங்கிய சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தோடு சேர்த்து அதைப் பொருத்திவிட்டு எஞ்சினை மெல்ல இழுக்கச் சொன்னால், சக்கரம் தானே சரிவில் ஏறி, உச்சியில் பக்கவாட்டில் சறுக்கி, தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜோடியில் இரண்டு கட்டைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரயில் சக்கரத்தின் விளிம்பு உட்புறத்தில் இருப்பதால், வெளியே விழுந்த சக்கரம் அந்த விளிம்பையும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். உள்ளே விழுந்த சக்கரத்துக்கு அவ்வளவு உயரம் வேண்டாம், வெளிப்பக்கம் நகர்ந்தால் சரி. இந்தக் கணக்கெல்லாம் அந்த இரும்புத் துண்டின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று சொந்த பலம் கிடையாது. பலம் எஞ்சினுடையது, அந்த பலத்துக்குத் திசை காட்டுவதுதான் கட்டையின் வேலை.

இதே வேலையை மரக்கட்டையால், நடுத்தெருவில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே செய்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். வைகாசி பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் வரதராஜப் பெருமாள் தேர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, காந்தி சாலையின் பட்டுக் கடைகளைக் கடந்து, பெரிய காஞ்சிபுரத்தின் ராஜ வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புகிறது. அத்தனை தூரமும் அதன் சக்கரத்தோடு ஒட்டி நடக்கிற முட்டுக்கட்டைக்காரர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் செய்வது ஒரு தொழில்நுட்பம். அதைத் தொழில்நுட்பமாக அரசும் கோயில் நிர்வாகமும் ஏற்று, பெயர்ப் பதிவும் பயிற்சியும் காப்பீடும் கூலியும் தர வேண்டும் என்று சொல்ல வருகிறேன்.

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865இல். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து இங்கே பாதை போட்டது. அகலம் 3 அடி 6 அங்குலம்; இந்தியாவில் பிற்பாடு நிலைத்த எந்த அளவோடும் சேராத அளவு. அந்தப் பாதை பின்னால் மீட்டர் கேஜாகி, இப்போது அகலப் பாதையாக இருக்கிறது. அகலம் எதுவானாலும் ரயில் வண்டியின் அடிப்படை ஒன்றுதான்: அதில் ஸ்டியரிங் இல்லை. சக்கரத்தின் ஓடுபரப்பு 20க்கு 1 என்ற சரிவில் லேசாகக் கூம்பாகக் கடையப்பட்டிருப்பதால், வண்டி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரத்தின் பெரிய சுற்றளவு அதைத் தானாகவே நடுவுக்குத் திருப்பிவிடும். தேருக்கும் ஸ்டியரிங் இல்லை. அச்சும் திரும்பாது. ஆனால் ரயிலுக்கு இருக்கிற தண்டவாளமும் கூம்புச் சரிவும் தேருக்குக் கிடையாது. ரயில் என்றைக்கோ ஒருநாள் தடம்புரள்கிறது. தேரோ புறப்பட்ட கணத்திலிருந்து நிலைக்கு வரும்வரை தடமே இல்லாமல் ஓடுகிற வண்டி. ரயில்காரர் அபூர்வமாகச் செய்கிற வேலையை முட்டுக்கட்டைக்காரர் பத்தடிக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது.

அவர் செய்வதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் நுட்பம் விளங்கும். கைப்பிடியோடு கூடிய ஆப்பு வடிவக் கட்டை அது. ஒரு பக்கச் சக்கரத்தின் முன் அதை வைத்தால் அந்தச் சக்கரம் தயங்கும், எதிர்ச் சக்கரம் முந்தும், தேரின் முகம் தயங்கிய பக்கம் திரும்பும். தேர் வலமாகவே வருவதால் ராஜ வீதிகளின் மூலைகளில் திருப்பம் எப்போதும் வலப்பக்கம். வலச் சக்கரத்துக்குத்தான் அங்கே கட்டை அதிகம் விழும். கட்டையைச் சற்றே கோணலாக வைத்தால் சக்கரம் அதன்மேல் ஏறிப் பக்கவாட்டில் சறுக்கும். ரயில்வே தவளையில் நடப்பது அச்சு அசலாக இதுவே. முழுவதும் குறுக்கே வைத்தால் தேர் நிற்கும். ஆனால் ஓட்டத்தில் இருக்கிற தேரைச் சட்டென நிறுத்தினால் கீழே சக்கரம் நிற்க, மேலே அலங்காரச் சீலையும் கலசமும் சுமந்த உச்சி முன்னால் சாயும். எவ்வளவு வைப்பது, எப்போது உருவுவது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். வடம் பிடிப்பவர்களுக்கு அவர் குரல் கேட்காது. விசிலும் கையசைப்பும்தான் மொழி. வடம் பிடிப்பவருக்குச் சக்கரம் முதுகுக்குப் பின்னால் வருகிறது. கட்டை போடுபவருக்கு முகத்துக்கு நேரே வருகிறது.

இந்த வேலைக்கு நம் மொழி தந்த பரிசைப் பாருங்கள். ஒரு திட்டத்தை எதிர்க்கட்சி எதிர்த்தால் முட்டுக்கட்டை போடுகிறது என்று எழுதுகிறோம். இதே பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டினால் தடை, இடைஞ்சல், வீண் வம்பு என்ற பொருளில் அந்தச் சொல் எத்தனை தலைப்புகளில் இருக்குமோ! புரி ஜெகந்நாதர் தேரைக் கண்ட ஐரோப்பியர்கள், எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் கட்டுக்கடங்காத சக்தி என்ற பொருளில் அந்தக் கடவுளின் பெயரையே ஆங்கிலச் சொல்லாக்கிவிட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஓட்டம், நம் கண்ணில் பட்டது தடை. இரண்டுக்கும் நடுவில் தேரைத் திருப்பிக்கொண்டிருந்த மனிதர் யார் கண்ணிலும் படவில்லை. திருக்குறள் தேரின் அச்சாணியைப் பெருமையாகச் சொன்னது. கட்டைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

சொல் போகட்டும் என்று விடலாம். நிர்வாகமும் அதே பார்வையில் இருப்பதைத்தான் விட முடியவில்லை. தேர் என்றதும் நாம் செலவழிப்பது மரத்துக்கும் சிற்பத்துக்கும் சக்கரத்துக்கும். திருச்சி பெல் நிறுவனம் பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து தந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது. தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித்துறைப் பொறியாளர் பார்த்துச் சான்று தருகிறார். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தச் சான்று தேருக்கு. அதைத் திருப்பப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் பழகியவர் எவர், புதியவர் எவர், அவர்கள் கையிலிருக்கும் கட்டை வெடிப்பில்லாத கட்டையா என்பதற்கு யார் சான்று தருகிறார்கள்?

2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தேர்களுக்குக் கெட்ட ஆண்டு. ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் காளியம்மன் கோயில் தேர் அச்சு முறிந்து சாய்ந்தது. அங்கும் உயிர்கள் போயின. ஜூலை இறுதியில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஆடிப்பூரத் தேர் புறப்பட்ட சற்று நேரத்தில் முன்பக்கமாகக் கவிழ்ந்து பலர் காயமடைந்தனர். இவற்றையெல்லாம் முட்டுக்கட்டையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. களிமேட்டில் கொன்றது மின்சாரம், மாதேஅள்ளியில் முறிந்தது அச்சு. ஆனாலும் களிமேட்டில் அது நடந்தது தேர் ஒரு திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது என்பதை மறந்துவிட வேண்டாம். நேர்ப்பாதையில் ஓரிரு அடி விலகினால் பாதகமில்லை. திருப்பத்தில் அந்த ஓரிரு அடி கம்பிக்கும் கலசத்துக்கும் இடையிலான தூரமாகிவிடுகிறது. தேரோட்டத்தின் ஆபத்து திருப்பங்களில் குவிகிறது. திருப்பங்கள் கட்டைக்காரர்களின் ஆட்சிப் பரப்பு.

ரயில்வே தன் தவறுகளை நடத்தும் விதத்தை இதோடு ஒப்பிடலாம். குறையில்லாத துறை என்று அதைச் சொல்ல மாட்டேன். 2017-18 முதல் 2020-21 வரை நடந்த 217 பெரிய ரயில் விபத்துகளில் 163 தடம்புரளல்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022இல் அறிக்கை தந்தார். நான்கில் மூன்று பங்கு. ஆனால் அந்த எண்ணை நாம் சொல்ல முடிகிறது என்பதே கவனிக்க வேண்டிய சங்கதி. ஒவ்வொரு தடம்புரளலும் எண்ணப்படுகிறது, காரணத்தோடு எழுதப்படுகிறது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். விபத்து மீட்பு ரயில், ஊழியர் வழக்கில் பிரேக்டவுன் வண்டி, அழைப்பு வந்து முக்கால் மணி நேரத்துக்குள் கிளம்பியாக வேண்டும். ஜாக்கிகளும் மரக்கட்டைகளும் அதில் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும். ஆம், ஹைட்ராலிக் ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுக்க இன்றும் மரக்கட்டைதான். விபத்தே நடக்காத மாதங்களிலும் அந்த அணி ஒத்திகை செய்கிறது. நம் தேர்களில் வடம் அறுந்தது, சக்கரம் சாக்கடை மூடியில் இறங்கியது, தேர் கடையின் கூரையை உரசியது என்பதெல்லாம் மறுநாள் செய்தியாகி, அடுத்த நாள் மறந்துபோகிறது. 2024இல் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தபோது நாலு நாள் பேசினோம். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பிய தவறுகளின் ஏடு ஒன்று கோயில்தோறும் இருந்திருந்தால், எந்தத் திருப்பம் எந்த ஆண்டு என்ன செய்தது என்று இன்றைக்குப் படித்துத் தெரிந்துகொண்டிருப்போம்.

இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்தபின் கட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக் நிறுத்தும்; திருப்பாது. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் சொல்லப்படும் திருவாரூர்த் தேரே பிரேக் பொருத்திய பிறகும் கட்டையைக் கைவிடவில்லை. அங்கே மூலை திரும்பும்போது இரும்புத் தகடுகளில் கிரீஸ் தடவிச் சக்கரத்துக்கு அடியில் விடுகிறார்கள், கூடவே கட்டையும் விழுகிறது. இயந்திரம் கூடக்கூட அந்த வேலை நுட்பமாகிறது, ஒழிந்துபோகவில்லை. வீதியில் தண்டவாளமே போட்டுவிடலாமே என்று விளையாட்டாகச் சிலர் சொல்வார்கள். காந்தி சாலையில் ஆண்டுக்கு ஒருநாள் தேருக்காகத் தண்டவாளம் போட்டு, மற்ற நாளெல்லாம் இருசக்கர வண்டிகள் அதில் வழுக்கி விழுவதை நினைத்தால் அந்த யோசனையைத் தொடர மனம் வராது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இது கைங்கரியம், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் செய்துவரும் பணி. பட்டியலும் படிவமும் கொண்டுவந்து அதைச் சர்க்கார் வேலையாக்கினால் பக்தி போய்விடும் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. பக்தி இல்லாமல் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் எவரும் குனியமாட்டார். ஆனால் ஓதுவாருக்கும் அர்ச்சகருக்கும் நாதஸ்வர, தவில் கலைஞருக்கும் அறநிலையத்துறை பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. தேவாரம் அதனால் குறைந்துபோகவில்லை. கைங்கரியம் என்ற சொல்லே சில சமயம் கூலி கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காகவும் ஆகிவிடுகிறது. பையன்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் குடும்பத்தோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விடும் என்பதைக் காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டியிருப்பதால் தறியில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிகிறார். சேலைக்குப் புவிசார் குறியீடு வந்தது, நெய்தவருக்கு விருது வந்தது. அந்த இரண்டாவது ஆளின் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை. இன்று கோர்வை நெய்ய ஆள் இல்லை என்று தறிக்காரர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டுக்கு ஒருநாள் வேலைக்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒருநாள் என்பதாலேயே வேண்டும். தினமும் செய்கிற வேலையில் கை மறக்காது. ரயில்வேயின் மீட்பு அணியும் தினம் வேலை செய்வதில்லை. ஒத்திகைக்குக் காரணம் அதுதான். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவும் வேண்டாம். வெள்ளோட்டம் என்ற சொல்லைத் தேர்தான் நமக்குக் கொடுத்தது. இப்போது புதுத் தேருக்கும் பழுது பார்த்த தேருக்கும் மட்டும் வெள்ளோட்டம் விடுகிறார்கள், மரமும் இரும்பும் தாங்குமா என்று பார்க்க. வைகாசி பிறப்பதற்குள் ஒரு விடியற்காலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவாமி இல்லாத வெறுந்தேரைத் தேரடியிலிருந்து நூறு அடியாவது இழுத்து, ஒரு திருப்பம் திருப்பி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தட்டும். கட்டை போடப் பழகியவர் ஒருவரின் பக்கத்தில் புதியவர் ஒருவர் நிற்கட்டும். மின்வாரியம், மாநகராட்சி, போலீஸ், தீயணைப்புத்துறை ஆட்கள் அவர்களுடைய விசிலுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளட்டும். முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் ஒரு ஏட்டில் எல்லோர் பெயரையும், எந்தச் சக்கரத்துக்கு யார் என்பதையும் எழுதி, காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். ஊர்மக்களே நடத்துகிற தேர்களுக்கும், களிமேடு போன்றவற்றுக்கும், மாவட்ட நிர்வாகம் இதே ஏட்டைக் கேட்ட பிறகு அனுமதி தரட்டும். பிரம்மோற்சவ அழைப்பிதழில் மண்டகப்படிக்காரர் பெயர்களெல்லாம் அச்சாகின்றன. தேர் நாள் பக்கத்தில் இன்னும் எட்டுப் பத்துப் பெயருக்கு இடம் இருக்கும்.