மூளைக்கு மூன்று வழி, கிரானுக்கு?

மூளையின் இரத்தக் குழாய்களை எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்து நாடி வழியே படம்பிடித்தார். பின்னர் தொடை வழி வந்தது. இன்று மணிக்கட்டு வழியாகவும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைத்த இரத்தக்கட்டியை அகற்றுகிறார்கள். தொடை வழியைவிட இதில் இரத்தக்கசிவு குறைவு. வரவேற்போம்.

ஆனால் பாரிசவாதம் காத்திராது. பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன. மாரி வெள்ளம் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை மூடும்போதோ அக்கரை நோயாளிக்குப் படகே கதி! மட்டக்களப்பு வைத்தியசாலை அதற்கும் அப்பால்.

மணிக்கட்டிலிருந்து மூளைக்கு வழி கண்ட காலத்தில் வயலிலிருந்து வைத்தியசாலைக்கு வழியில்லை என்பது இயற்கையின் குற்றமன்று, ஆட்சியின் குற்றம். வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள்: வெள்ளத்துக்கு மேலே உயர்ந்த பாலம் எங்கே?