பக்கவாட்டுத் தையல்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் சட்டை வாங்கி, மெட்ரோவில் டோல்கேட் வந்து இறங்கினால் (2021 பிப்ரவரியிலிருந்து இந்தச் சொகுசு), வீட்டில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது: தோள் சரி, வயிற்றுப் பக்கம் மட்டும் காற்றடைத்த பை. குறை நம் உடம்பில் இல்லை. இந்திய உடலளவுக்கென்று நமக்கு ஓர் அட்டவணையே இருக்கவில்லை. 25,000 பேரை அளந்து அதை உருவாக்கும் வேலையைத் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் கையில் எடுத்ததே அண்மையில்தான்.

தெருமுனை ஆல்ட்ரேஷன் கடைக்கு ஓட வேண்டாம் என்பது என் கட்சி. சட்டையை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டு, இருபக்கமும் குண்டூசி குத்துங்கள். பழைய தையலிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், முன்னும் பின்னும் சேர்ந்து ஒரு பக்கம் ஒரு அங்குலம், மொத்தச் சுற்றளவில் இரண்டு அங்குலம் போய்விடும். முதல் முறை நானும் இந்தக் கணக்கை மறந்து, மூச்சுவிட முடியாத சட்டை ஒன்றைத் தைத்தேன். அக்குளில் தையல் கைப்பகுதிக்குள் மெல்ல வளைந்து ஏற வேண்டும். அங்கே முனை விழுந்தால் கை தூக்கும்போது இழுக்கும். முதலில் கையால் நூலோட்டி, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள். மெஷின் அதன் பிறகு. கத்தரிக்கோல் கடைசியில், ஒருமுறை துவைத்த பின் என்றால் இன்னும் நல்லது, பருத்தி சுருங்கும்.

தோள் பெரிதாயிருந்தால் மட்டும் தொடாதீர்கள். கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.