எண்ணெய்ப் பனையும் என் மைத்துனரும்

போன ஞாயிறு காரமடையிலிருந்து மைத்துனர் வந்திருந்தார். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "தென்னையத் தள்ளிப்போட்டு எண்ணெய்ப் பனை வெச்சுப்போடலாம்னு இருக்கறனுங்க மாமா. கவருமெண்டு மானியம் தருதாமுங்க. இந்த மனுவை எழுதிக் குடுங்க" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். மானியம் என்றாலே நிபந்தனைகளைத்தான் முதலில் படிப்பேன். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனைக்கென்றே ஓர் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்த கன்று மானியம் 29,000 ஆயிற்று. 2025-26க்குள் மேலும் ஆறரை லட்சம் ஹெக்டேர் இலக்கு. அதே வருஷம் ஏப்ரலில்தான் இலங்கையில் இந்த மரத்தைப் புதிதாக நடவே கூடாது என்று தடை போட்டார்கள்!

ஒரு ஹெக்டேரில் இந்தப் பனை தருகிற எண்ணெயை வேறெந்தப் பயிரும் தராது, மெய்தான். நம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவதும் மெய்தான். அதற்காகக் காரமடையிலா?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், 'உயில் து பால்ம்' என்று பூகோள வாத்தியார் மூக்கால் சொல்ல வைப்பார். ஐவரி கோஸ்ட்டின் சரக்கு அது. அங்கே கடலோரத்தில் கொட்டுகிற மழை எங்கே, கோவையின் 700 மில்லிமீட்டர் எங்கே? மைத்துனரின் போர்வெல் ஆயிரம் அடி. தென்னைக்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். பனை நட்டால் மூன்று நான்கு வருஷம் வருமானம் கிடையாது. குலை வெட்டினால் ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போயாகவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். "ஆலை எங்கே இருக்குது மாப்ள?" என்று கேட்டேன். பதில் இல்லை.

என் கோபம் அவர்மேல் இல்லை. 2023-இல் கொப்பரைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய்; வெளிச்சந்தையில் அதற்கு வெகு கீழே விற்றது. அப்போதும் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில்தான். தேங்காய் எண்ணெயும் கடலெண்ணெயும் கொடுங்கள் என்று நம் விவசாயிகள் தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள். இப்போது தேங்காய் விலை ஏறியிருக்கிறது. வெள்ளை ஈயும் வேர் வாடலும் பிடித்த மரத்தில் காய்தான் இல்லை. அந்தக் கோடிகளில் ஒரு பங்கு இந்த நோய்க்கும், மானாவாரிக் கடலைக்கும், கிராமத்துச் செக்குக்கும் வந்திருந்தால் மைத்துனர் ஏன் ரம்பத்தைத் தேடுகிறார்?

மனுவை என் மேஜைமேலேயே விட்டுப் போயிருக்கிறார். எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி இரண்டு நாளாகப் பேசவில்லை.