அறிவியல் பேராசிரியர் பணி: 3.5 சதவீதம் எங்கே கரைகிறது?

காரைக்குடிக்கு அறிவியல் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் 1953-ல் சிக்ரி ஆய்வகம் இங்கே திறக்கப்பட்டது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இளையான்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் நம் பிள்ளைகள் இயற்பியலும் வேதியியலும் படிக்கிறார்கள். படித்தவர்கள் பாடம் நடத்தும் இடத்துக்கு வருகிறார்களா என்பதே கேள்வி.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 200 பணியிடங்கள் கொண்ட இனச்சுழற்சியில் இது 7 இடங்கள். ஆனால் எதை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆறு ஆசிரியர்கள் உள்ள துறையை அலகாக வைத்தால் 3.5 சதவீதம் என்பது கால் பணியிடம்கூட இல்லை. நம் முறை வருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். 1 சதவீதம் மட்டுமே உள்ள பழங்குடியினரின் நிலை இன்னும் மோசம். முழுப் பல்கலைக்கழகத்தையும் அலகாக்கினால் இந்தக் கணக்கு மாறும்.

இது வெறும் ஊகமல்ல. 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையே அலகு என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 2019-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனமே அலகு என்று உறுதி செய்தது. அதே சட்டம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற சில அறிவியல் நிறுவனங்களுக்கு விலக்கும் அளித்தது. 'தகுதி' என்ற வாதம் அறிவியலில் மட்டும் ஏன் இவ்வளவு உரக்க ஒலிக்கிறது? இடஒதுக்கீட்டில் வருபவரும் அதே நெட் அல்லது செட் தேர்வில் வென்றோ, முனைவர் பட்டம் பெற்றோதான் வருகிறார்.

இன்னொரு அடைப்பு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. சிறுபான்மையினர் முனைவர் பட்டம் படிக்க உதவிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. ஆய்வு மாணவரே இல்லாவிட்டால் நாளை விண்ணப்பதாரர் எங்கிருந்து வருவார்?

மேடையில் முழங்குவதால் மட்டும் இது தீராது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இனச்சுழற்சிப் பதிவேட்டையும் நம் ஜமாஅத்துகள் கேட்டுப் பெறலாம். ஆண்டுக்கு ஓர் ஆய்வு மாணவரையேனும் பொறுப்பேற்கலாம். பதவி ஓர் அமானிதம். அது உரியவரிடம் சேர்கிறதா என்று கேட்பது சலுகை கோருவது ஆகாது, கணக்குக் கேட்பதாகும்.