காதுவழி வரும் வாசிப்பு

எழுத்துக்கூட்டத் தெரிந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நாவலை வாய்விட்டுப் படித்துக்காட்டுவது பெரிதும் கைகொடுக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதன் தேவை இன்னும் அதிகம். தெருவில் பேசும் தமிழ் ஒன்று, அச்சில் வரும் தமிழ் வேறொன்று. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வளரும் பிள்ளை ‘வந்துகினு இருந்தான்’ என்று கேட்டுப் பழகியது. புத்தகத்தில் அது ‘வந்துகொண்டிருந்தான்’ என்று நீள்கிறது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது. அந்தச் சொல்லைப் பலமுறை காதால் கேட்ட பிள்ளையோ பாதிச் சொல்லிலேயே மீதியைப் பிடித்துவிடும். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளும் இங்கே தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம்.

வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல் என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தைச் சொல்லாக்குவது. மற்றொன்று, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வது. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். நம் வகுப்பறைகள் 247 எழுத்துகளைப் பதியவைப்பதில் காட்டும் அக்கறையை இரண்டாவது திறனில் காட்டுவதில்லை. குறை பிள்ளையிடம் இல்லை.

நாவலே ஏன் வேண்டும்? சிறுகதை ஒரே அமர்வில் முடிந்துவிடும். அதன் சொற்களும் அத்தோடு போய்விடும். நாவலில் அதே மனிதர்களும் அதே ஊரும் அதே சொற்களும் அத்தியாயந்தோறும் திரும்ப வருகின்றன. தொடக்க அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கும். அதைக் கடந்துவிட்டால், அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பே பிள்ளையை மறுநாளும் உட்காரவைக்கும்.

வடசென்னைக்கு இப்படிப் படித்துக்காட்டுவது புதிய வழக்கமும் அல்ல. தண்டையார்பேட்டைக்குச் சற்றுத் தெற்கே, கொண்டித்தோப்பில்தான் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் என்ற பதிப்பகம் ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியது. நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டவை. எழுத்தறியாதவர்களும் கதையறிந்தவர்களாக இருந்தார்கள். நாவல் வந்த காலத்தில் கூடிக் கேட்கும் வழக்கம் மெல்லத் தனித்த மௌன வாசிப்பாக மாறியதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். பெரியவர்களுக்கு மௌன வாசிப்பு போதும். பிள்ளைகளுக்குப் போதாது.

படிக்கும் முறை எளிது. பிள்ளையை எதிரே உட்காரவைக்காமல் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். வரி கண்ணில் படவேண்டும், விரல் வரிக்குக் கீழே நகரவேண்டும். புரியாத சொல் வந்தால் பேச்சுத்தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம். அத்தியாய முடிவில் கேள்வி கேட்டுப் பரீட்சையாக்கினால் ஆர்வம் அன்றோடு போய்விடும். சில வாரங்கள் கழித்து ஒரு பத்தி பெரியவர், ஒரு வரி பிள்ளை என்று மாறி மாறிப் படிக்கலாம். பிள்ளை தடுமாறும் இடத்தில் அதட்டாமல், சரியான சொல்லை எடுத்துக்கொடுத்தால் போதும்.

ஏற்ற நூல்களுக்கும் பஞ்சமில்லை. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’, ஜெயமோகனின் ‘பனிமனிதன்’, கீழடியைக் களமாகக் கொண்டு 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஆகியவை வாய்விட்டுப் படிக்கத் தோதானவை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. அவை நல்ல படிக்கட்டுகள். ஆனால் நீண்ட கதையில் பல நாள் தங்கும் அனுபவத்தை அவை தர முடியாது.

துறைமுகத்துக்கு ஷிப்ட் பார்த்தும் காசிமேட்டு மீன்பிடித் துறைக்கு விடியலுக்கு முன்பும் போய்வரும் பெற்றோர்மீது மட்டும் இந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. பலருக்கு நேரமில்லை, சிலருக்குப் படிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்பு அக்கா இரண்டாம் வகுப்புத் தம்பிக்குப் படிக்கலாம். 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம், தன்னார்வலர்களை மாலை நேரத்தில் பிள்ளைகளின் தெருவுக்கே அழைத்துவந்து காட்டியது. மாநகராட்சிப் பள்ளிகள் நாள்தோறும் கால்மணி நேரத்தை, மதிப்பெண்ணும் வீட்டுப்பாடமும் இல்லாமல், ஆசிரியர் ஒரு நாவலைப் படித்துக்காட்டுவதற்கென்று ஒதுக்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.