கையுறையைக் கழற்றும் காலம்

நம் கல்லூரியில் கிரிக்கெட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மாணவரைக் காண்பது அரிது. பட்டாபிராமில் ரயிலேறிச் சென்ட்ரல் சேருமுன் ஒரு குழுவைக் கலைத்து வேறொரு குழுவை அமைத்துவிடும் வல்லுநர் நம்முள் பலர் உளர். அவர்தம் பேச்சில் மட்டையாளருக்கு முதலிடம். பந்து வீச்சாளருக்கு அடுத்த இடம். விக்கெட் காப்பாளரோ, பந்தைத் தவறவிட்ட அன்று மாத்திரமே நினைவுக்கு வருபவர். ஆயினும் ஒரு குழுவில் மட்டையாளர் எழுவர் இருக்கலாம். வீச்சாளர் ஐவர் இருக்கலாம். கையுறை அணிந்து நிற்பவர் ஒருவரே. அவர் அவ்விடத்தில் நிற்குமளவும் மற்றொருவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆதலின், எப்போது விலகுவது என்னும் கேள்வி காப்பாளருக்கு மற்றையோரினும் கடினமானது. அதற்குச் சென்னையிற் பிறந்த திரு. தினேஷ் கார்த்திக் 2024ஆம் ஆண்டில் அளித்த விடையை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வாண்டு ஐ.பி.எல். பந்தயங்களில் பெங்களூர்க் குழுவுக்காக 15 ஆட்டங்கள் ஆடி 326 ஓட்டங்கள் எடுத்தார். நூறு பந்துக்கு 187 என்பது அவரது வேகம். முந்தின 2023ஆம் ஆண்டில் 140 ஓட்டங்களோடு நின்று, இனி இவரால் ஆகாது என்று பலர் வாயாற் கேட்டவர் அவர். அப்படிச் சொன்னோர் சேப்பாக்கத்தில் மார்ச் 22 அன்றே வாய் மூட நேர்ந்தது. 78 ஓட்டங்களுக்கு ஐவரை இழந்து தத்தளித்த குழுவை, ஆட்டமிழக்காது 38 எடுத்து 173 வரை கொண்டு சேர்த்தார். ஏப்ரல் 11 அன்று மும்பையில் 23 பந்துகளில் 53. ஏப்ரல் 15 அன்று ஐதராபாத் குழுவின் 287 என்னும் மலையைத் துரத்துகையில் 35 பந்துகளில் 83. இவையனைத்தும் கண்கொள்ளாக் காட்சிகளே. ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. இம்மூன்று ஆட்டங்களிலும் பெங்களூர் தோற்றது. முதல் எட்டில் ஏழு தோற்ற அக்குழு பின்னர் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று கடைசி நால்வருள் ஒன்றானதற்கு, அவ்வாண்டு 741 ஓட்டங்கள் குவித்த விராட் கோலி முதலிய பலர் காரணராவர். மூழ்கும் குழுவைத் தாங்கியவர் கார்த்திக், கரையேற்றியவர் பிறர். மே 22 அன்று அகமதாபாத்தில் ராஜஸ்தானிடம் தோற்றதோடு அக்குழுவின் பயணம் முடிந்தது.

ஜூன் 1 அன்று, தமது முப்பத்தொன்பதாம் பிறந்த நாளில், அவர் ஓய்வை அறிவித்தார். இவ்வளவு நன்றாக ஆடியவர் இன்னும் ஓரிரண்டு ஆண்டு இருந்திருக்கலாகாதா என்று வருந்தினோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. காத்திருத்தலின் துன்பத்தை அவரைப்போல் அறிந்தார் யார்? 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில், தமது முதற் சர்வதேச ஆட்டத்திலேயே, இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வானை மின்னல்போல் ஸ்டம்பிங் செய்தவர் அவர். அவ்வாண்டு டிசம்பரில் மகேந்திர சிங் தோனி வந்தார்; கதை மாறிற்று. தோனி 90 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். கார்த்திக்குக் கிட்டியவை 2004 முதல் 2018 வரை 26. தமிழ்நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2007இலும் 2021இலும் சையது முஷ்டாக் அலி கோப்பையை வென்று தந்தும், தேசக் குழுவில் வாயிற்படியிலேயே அவர் காலம் பெரும்பாலும் கழிந்தது. அத்தகையவர் வேறொருவரை வாயிற்படியில் நிறுத்தாது எழுந்தது பொருத்தமே.

தோனியின் பெயரை எடுத்தமையால், நம் ஊரார் கோபிக்கினும், ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல், 41 வயதில், சென்னைக்கு அவர் கோப்பை வாங்கித் தந்தது உண்மை. முதியவர் விலகியே தீரவேண்டும் என்பார்க்கு அதுவே தக்க மறுமொழி. 2025இலும் கையுறையின் விரைவு குன்றவில்லை. சூரியகுமார் யாதவைச் சேப்பாக்கத்தில் ஸ்டம்பிங் செய்ததைக் கண்டோர் அதனை ஒப்புவர். ஆனால் அவ்வாண்டு அவர் எடுத்தவை 196 ஓட்டங்கள். சென்னைக் குழு பதினான்கில் நான்கே வென்று, தன் சரித்திரத்தில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. பழி முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் அநியாயம். எனினும், அவ்விடத்துக்குரிய இளைஞர் ஒருவரை முன்னமே ஆக்கி வைத்திருந்தால் என்ன என்று கேட்பது குற்றமாகாது.

பெங்களூர் செய்ததோ வேறு. இடத்தைக் காலி செய்தவரைப் போகவிடாது, 2024 ஜூலையிலேயே மட்டைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. காப்பாளராக ஜிதேஷ் சர்மாவை 11 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 மே 27 அன்று லக்னோவில் 228 என்னும் இலக்கைத் துரத்தி, 33 பந்துகளில் ஆட்டமிழக்காது 85 எடுத்தவர் அந்த ஜிதேஷ். ஜூன் 3 அன்று பஞ்சாபை 6 ஓட்டங்களில் வென்று, பதினெட்டு ஆண்டுகளாகக் கைக்கெட்டாதிருந்த கோப்பையை அக்குழு எடுத்தபோது, கார்த்திக் பயிற்சியாளராக உடனிருந்தார்.

பதினோரு கோடி கொடுத்துக் காப்பாளரை வாங்கும் செல்வம் நம் கல்லூரிக்கு இல்லை. இருக்கிற மாணவரையே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆதலால் நமது குழுவை நடத்துவோர்க்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இறுதியாண்டு மாணவர் காப்பாளராய் நிற்கும் பருவத்தில், முக்கியமல்லாத ஆட்டங்கள் சிலவற்றிலேனும் கையுறையை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மூத்தவர் முதல் ஸ்லிப்பில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இரண்டொரு பந்து நழுவும். அதற்குக் கூச்சலிட வேண்டாவென்று பார்வையாளராகிய நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.