தண்டவாளமும் தரையும்

வாழ்க்கைக்குக் குறிக்கோள் வேண்டும் என்பர் சான்றோர். அக்குறிக்கோளை இருப்புப்பாதைக்கு ஒப்பிடுதலும் உண்டு. தண்டவாளத்தின்மீது செல்லும் வண்டி திசை மாறாதவாறு, குறிக்கோள் உடையவனும் வழி தவறான் என்பது அவ்வுவமையின் கருத்து. அஃது உண்மையே, ஆனால், முழு உண்மை அன்று. தண்டவாளம் திசையைக் காட்டும். வண்டியைத் தாங்குவதோ அதன் கீழுள்ள தரையாகும்.

இவ்வுண்மையை அரியலூர் பெருந்துயரின் வாயிலாக உணர்த்தியது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை மருதையாற்றைக் கடக்கின்றது. பெரம்பலூர்ப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, மழைக்காலத்தில் பெருக்கெடுத்து ஓடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அவ்விடத்தை அடைந்தது. பாதை காட்டிய திசையில் பிழை இல்லை. ஆயினும், பாதையைத் தாங்கிய மண்ணை வெள்ளம் அரித்திருந்தது. பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மனிதர்தம் குறிக்கோளுக்கும் இது பொருந்தும். மருத்துவராதல் வேண்டும், பொறியாளராதல் வேண்டும் என்று ஒரு மாணவன் உறுதி கொள்ளுதல் தண்டவாளம் அமைப்பதைப் போன்றது. நாள்தோறும் தவறாத பயிற்சியும், வாய்மையும், கடமையுணர்ச்சியுமே அதனைத் தாங்கும் தரை. சோம்பலும் பொய்யும் அத்தரையைச் சிறிது சிறிதாக அரிக்கும். மேலே பாதை நேராகத் தோன்றும்போதே கீழே மண் கரைந்துவிடுதல் கூடும். ஆதலின், திசையைத் தேர்ந்ததோடு அமையாது, தரையையும் இடையறாது காத்தல் வேண்டும்.

அந்நாளில் இரயில்வே அமைச்சராக விளங்கியவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் வண்டியை ஓட்டியவர் அல்லர்; பாதையைக் காவல் செய்தவரும் அல்லர். எனினும், விபத்துக்குரிய பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவி விலகினார். பதவி போயிற்று, பண்பு போகவில்லை. மக்கள் அவர்மீது கொண்ட நம்பிக்கை வளர்ந்தது. 1964ஆம் ஆண்டில் அவர் நாட்டின் தலைமை அமைச்சரானார். அவர் வாழ்வைத் தாங்கிய தரை அத்துணை உறுதியானது.

அரியலூருக்கு அண்மையிலுள்ள பெரம்பலூருக்கு இருப்புப்பாதை இல்லை. அவ்வூரார் பலர் சாலை வழியே அரியலூர் சென்று வண்டி ஏறுகின்றனர். வாயிலில் பாதை இல்லாமையால் அவர்தம் பயணம் நின்றுவிடுவதில்லை. வசதி குறைந்த இல்லத்தில் பிறந்த மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பாதை தொலைவில் இருப்பின், அதனைத் தேடிச் சென்று அடையலாம். ஆனால், தம்மைத் தாங்கும் தரையைத் தாமே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதனைப் பிறர் அமைத்துத் தருதல் இயலாது.